விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு எந்த ஹைப்பர்வைசர்? டெல்டாவில் முப்பது, நாற்பது மேசை போடுகிறவர்களுக்கு

கும்பகோணத்து ஆடிட்டர் ஆபீஸ், தஞ்சாவூர் கல்லூரி லேப், திருவாரூர் பக்கத்து ரைஸ் மில், மன்னார்குடி உர ஏஜென்சி என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: ஒரே சர்வரில் பல கம்ப்யூட்டர்களை மென்பொருளாகவே (இவைதான் விர்ச்சுவல் மெஷின்கள்) ஓட்டும் ஹைப்பர்வைசராக விஎம்வேர் போடலாமா, ஹைப்பர்-வி போதுமா, இல்லை சும்மா கிடைக்கிறதே அந்த பிராக்ஸ்மாக்ஸா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகம். விண்டோஸ் 11 ஏறாத பழைய சிஸ்டங்களைத் தூக்கிப் போடாமல், அவற்றை வெறும் திரையும் கீபோர்டுமாக வைத்துக்கொண்டு, வேலையை எல்லாம் ஒரு சர்வரில் ஓட்டிவிடலாம் என்ற கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் ஹைப்பர்வைசரைக் கடைசியாக எடுங்கள். மேசையில் என்னென்ன செருகியிருக்கிறது, விண்டோஸ் லைசென்ஸ் எந்த வகை, யார் எந்த மெஷினுக்குள் நுழைய வேண்டும் என்று அனுப்பிவைக்கும் புரோக்கர் எது, கரண்ட் போய் வந்தால் யார் வந்து பார்ப்பார் என்ற நாலுக்கும் ஒரு தாளில் பதில் எழுதிவிட்டால், ஹைப்பர்வைசர் பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப் போகும்.

மேசையிலிருந்து ஆரம்பியுங்கள்

ஒவ்வொரு மேசைக்கும் போய் யூஎஸ்பியில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யூஎஸ்பி, கட்டாயம் இருக்கும். டோக்கனைக் கொண்டுபோய் சர்வரிலேயே செருகிவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்தால் சான்றிதழ் தெரியாது, ஏனென்றால் விண்டோஸ் ரிமோட் செஷனில் ஸ்மார்ட் கார்டு என்பது உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்திலிருந்து வருவதையே பார்க்கும். எனவே டோக்கன் மேசையில்தான் இருக்க வேண்டும், அதன் டிரைவர் மென்பொருள் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் இருக்க வேண்டும். இது எந்த ஹைப்பர்வைசரிலும் ஒன்றே.

ஆதார் கைரேகைக் கருவி வேறு கதை. கருவியோடு பேசும் அதன் மென்பொருளான ஆர்டி சர்வீஸ் எந்த மெஷினில் கருவி செருகியிருக்கிறதோ அங்கே ஓடுகிறது, பிரௌசர் 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது தான் ஓடும் மெஷினிலேயே, அதைத் தேடும். பிரௌசர் சர்வரில், கருவி மேசையில் என்றால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. யூஎஸ்பியை முழுசாக உள்ளே கடத்தும் வழிகள் இருக்கின்றன, சிலவற்றில் நடக்கும், சிலவற்றில் நடக்காது. என்னைக் கேட்டால் அந்த ஒன்றிரண்டு மேசைகளைச் சாதாரண பிசியாகவே விட்டுவிடுங்கள். எல்லா மேசையையும் விர்ச்சுவல் ஆக்கியே தீருவேன் என்று யாரும் சபதம் எடுக்கவில்லையே.

அப்புறம் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். மில்லில் எடைச்சீட்டும் பில்லும் இன்னும் அதில்தான் வருகின்றன. ரிமோட் டெஸ்க்டாப்பின் ஈஸி பிரின்ட் வழியாக அனுப்பினால் எழுத்து எழுத்தாகப் போகாமல் படமாகப் போகும், ஒரு பில் வர ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பிரின்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து, அதன் சொந்த டிரைவரை விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டால் சரியாகிவிடும். தமிழ் தட்டச்சு மென்பொருளை மேசையிலும் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் சேர்த்துப் போடாதீர்கள். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் போடுங்கள், உள்ளே போடுவதே நல்லது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் ஆபீஸில் கட்டாயம் இருக்கும், அந்த எழுத்துருக்களை, எல்லா மெஷின்களுக்கும் நகலெடுக்கும் மூல இமேஜிலேயே ஏற்றிவிடுங்கள்.

லைசென்ஸ், அதாவது உண்மையான செலவு

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். சிஸ்டத்தோடு வந்த விண்டோஸ் ப்ரோ லைசென்ஸைக் காட்டி, சர்வரில் ஓடும் விண்டோஸ் 11-க்குள் ரிமோட்டில் நுழைய மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. அதற்கு சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் உள்ள விண்டோஸ் எண்டர்பிரைஸ், அல்லது விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள் நுழையும் உரிமையான விடிஏ சந்தா, அல்லது மைக்ரோசாஃப்ட் 365 இ3 மாதிரி ஒரு திட்டம் வேண்டும். ஒரே விண்டோஸ் 11-இல் பல பேர் ஒன்றாக நுழையும் மல்டி-செஷன் பதிப்பு மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூர் பக்கம் மட்டும்தான், உங்கள் ஆபீஸ் சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு ஓட்ட முடியாது. கவனியுங்கள், இந்தச் செலவு ஹைப்பர்வைசர் இலவசமானாலும் குறையாது. "ஓப்பன் சோர்ஸ் போட்டால் எல்லாம் ஃப்ரீ" என்று கொட்டேஷன் கொடுப்பவரிடம் முதலில் இந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

அதனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் உண்மையிலேயே வேண்டுமா? டாலி, எக்செல், பிரௌசர், இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸ் சர்வரில் பல பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடும் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் (ஆர்டிஎஸ் என்ற தொகுப்பின் பகுதி) போட்டு, அதே சர்வரில் இருபது பேரை உட்காரவைத்துவிடலாம். சர்வர் லைசென்ஸ், ஆளுக்கொரு சிஏஎல் (சர்வரை அணுகும் உரிமம்), ஆளுக்கொரு ஆர்டிஎஸ் சிஏஎல், அவ்வளவுதான் செலவு. டாலியும் கோல்டு பதிப்பாக இருக்க வேண்டும், சில்வர் ஒருவருக்குத்தான். இந்த வழியில் போகிறவர்களுக்கு ஹைப்பர்வைசர் கேள்வியே முடிந்துவிட்டது: விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு வாங்கினால் ஹைப்பர்-வி கூடவே வருகிறது, ஹோஸ்ட்டை, அதாவது ஹைப்பர்-வி ஓடும் அந்த சர்வரை, வேறு வேலைக்குப் பயன்படுத்தாதவரை இரண்டு சர்வர் விர்ச்சுவல் மெஷின்களும் அதிலேயே அடக்கம். நாலு வேண்டுமென்றால் அதே சர்வருக்கு இன்னொரு ஸ்டாண்டர்டு வாங்க வேண்டும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டேட்டாசென்டர் பதிப்பைக் கணக்குப் போடுங்கள். டெல்டாவில் சின்ன ஆபீஸ்களில் பாதிக்கு மேல் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஆளுக்கொரு மெஷின் கட்டாயம் தேவைப்படுவது கல்லூரி லேபில், அல்லது சர்வர் விண்டோஸில் ஏறாத மென்பொருள் வைத்திருக்கிற இடத்தில், அல்லது ஆளாளுக்கு அட்மின் உரிமை கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில். அங்கே மேலே படியுங்கள்.

யாரை எடுப்பது

விஎம்வேர். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல எதுவுமில்லை, ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று எல்லாம் சந்தாவானது, அதுவும் கோர் கணக்கில், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்று. விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கான ஹொரைசன் தனியாகப் பிரிந்து 2024-இல் ஆம்னிசா என்ற வேறு கம்பெனியானது. ஆக, கீழ்த்தளம் ஒரு கம்பெனி, மேல்தளம் ஒரு கம்பெனி. 2024 பிப்ரவரியில் நிறுத்திய இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் ஹைப்பர்வைசர்) 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது உண்மை, ஆனால் அதைப் பல சர்வர்களைச் சேர்த்து நிர்வகிக்கும் வி-சென்டரோடு இணைக்க முடியாது, எனவே டெஸ்க்டாப் கூட்டத்தை ஆள அது உதவாது. ஏற்கெனவே ஹொரைசனும் அதைத் தெரிந்த ஆளும் இருக்கிற பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம் தொடரலாம். புதிதாக நாற்பது மேசை போடுகிறவர் இதில் இறங்க நான் சொல்லமாட்டேன். விஎம்வேரின் விஸ்பியர் 7 பதிப்பில் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் சீக்கிரம் முடிவெடுங்கள், அதன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-உடன் முடிந்துவிட்டது.

சிட்ரிக்ஸும் ஸென்சர்வரும், நியூட்டானிக்ஸின் ஏஎச்வியும் பெரிய இடத்துச் சமாச்சாரம். ஏஎச்விக்குத் தனி விலை கிடையாது, ஆனால் நியூட்டானிக்ஸ் கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) வாங்கினால்தான் அது. பல நூறு மேசை என்றால் கொட்டேஷன் கேளுங்கள், இல்லையென்றால் தாண்டிப் போங்கள்.

ஹைப்பர்-வி. விண்டோஸ் தெரிந்த பையன் ஊரிலேயே கிடைப்பான் என்பது இதன் பெரிய பலம், இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புரோக்கர் வேலையை ஆர்டிஎஸ்ஸே செய்துவிடும். இலவசமாக வந்த தனி ஹைப்பர்-வி சர்வர் 2019-ஓடு நின்றுவிட்டது, அதை நம்பிப் புதிதாகத் தொடங்காதீர்கள். சிவில் லேபில் ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளை ஓட்ட ஜிபியுவை (கிராஃபிக்ஸ் கார்டை) பல மெஷினுக்குப் பிரிக்க வேண்டும் என்றால் பழைய ரிமோட்எஃப்எக்ஸ் வழி 2021-இலேயே எடுக்கப்பட்டது, இப்போது விண்டோஸ் சர்வர் 2025-இல் வரும் ஜிபியு பார்ட்டிஷனிங்தான் வழி.

பிராக்ஸ்மாக்ஸ். டெபியன் லினக்ஸ் மேல் கேவிஎம் என்ற ஓப்பன் சோர்ஸ் ஹைப்பர்வைசர், ஆதரவுச் சந்தா வேண்டுமென்றால் சிபியு சாக்கெட் கணக்கில். 32 கோர் உள்ள ஒற்றை சிபியு சர்வர் வாங்கினால் ஒரே சந்தா. 8.2 பதிப்பிலிருந்து ஈஎஸ்எக்ஸ்ஐ மெஷின்களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. குறை என்னவென்றால் புரோக்கர் கிடையாது. நாற்பது மேசைக்கு நாற்பது நிலையான மெஷின், ஒவ்வொரு மேசையிலும் அந்தந்த முகவரிக்கு ஒரு ஷார்ட்கட் என்று போனால் புரோக்கரே வேண்டாம். மாணவர் மாறி மாறி உட்காரும் லேப் என்றால் அப்பாச்சி குவாகமோலி வைத்து பிரௌசர் வழியாக விடலாம், அல்லது யூடிஎஸ் மாதிரி ஒரு புரோக்கரைக் காசு கொடுத்து வாங்கலாம். விண்டோஸ் ஏற்றும்போது விர்ச்சுவல் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் அது அடையாளம் காண விர்ட்-ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை மறக்காமல் இணையுங்கள், விண்டோஸ் 11-க்குத் தேவையான யூஇஎஃப்ஐ பூட் முறையும் விர்ச்சுவல் டிபிஎம் பாதுகாப்புச் சிப்பும் சேர்த்தே மெஷினை உருவாக்குங்கள். பாலிடெக்னிக்கில் சி, பைத்தான் மட்டும் சொல்லித் தருகிற லேப் என்றால் உபுண்டு டெஸ்க்டாப் போட்டு விண்டோஸ் லைசென்ஸையே தவிர்த்துவிடலாம், அங்கே இதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் லினக்ஸ் கமாண்ட் லைன் பார்த்து பயப்படாத ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹைப்பர்-விதான்.

என்விடியா கார்டைப் பிரித்துப் பல பேருக்குக் கொடுப்பதற்கு ஹைப்பர்வைசர் எதுவானாலும் விஜிபியு என்ற தனி லைசென்ஸ் உண்டு. பழைய கார்டை முழுசாக ஒரே மெஷினுக்குக் கொடுப்பதற்கு அது வேண்டாம்.

காலை ஒன்பதரை மணி

லேபில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள். மேட்டூர் தண்ணீர் எவ்வளவு திறந்தாலும் எல்லா மதகும் ஒரே நேரத்தில் இழுத்தால் கடைமடைக்கு வராது இல்லையா, டிஸ்க்கும் அப்படித்தான். சாதாரண நேரத்தில் ஒரு டெஸ்க்டாப் நொடிக்குப் பத்து, இருபது முறை டிஸ்க்கைத் தொடும். பூட் ஆகும்போது அதைப் போல் பல மடங்கு. சுழலும் ஹார்டு டிஸ்க் பற்றிப் பேச்சே வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதா எஸ்எஸ்டியும் வேண்டாம், மின்தடைப் பாதுகாப்புள்ள சர்வர் ரக என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) எடுங்கள், விலையைப் பார்த்து நெஞ்சு வலிக்கும், எடுங்கள். பிராக்ஸ்மாக்ஸில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போடுவதாக இருந்தால், பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் ரெய்டு கார்டு தேவையில்லை. டிஸ்க்குகளை நேரடியாகக் கொடுக்க வேண்டும். ஹைப்பர்-வியில் ரெய்டு கார்டு சரி.

மெமரிக் கணக்கு எளிது. விண்டோஸ் 11-க்கு ஆளுக்கு 8 ஜிபி, முப்பது மேசைக்கு 240, டொமைன் கன்ட்ரோலர் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்), ஃபைல் சர்வர், ஹோஸ்ட் என்று ஒரு 40. எனவே 384 ஜிபி உள்ள சர்வர். மெமரியில் கடன் வாங்காதீர்கள், இருப்பதைவிட அதிகமாகப் பங்கு போட்டால் எல்லோருக்கும் மெதுவாகும். சிபியுவில் வாங்கலாம்: ஆளுக்கு 2 வீதம் 60 விசிபியு (விர்ச்சுவல் சிபியு), ஒரு கோருக்கு நாலு விசிபியு என்று வைத்தால் 15 கோர், 16 கோர் போதும். ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்றால் இரண்டும் இதே அளவு. இரண்டும் இன்டெல், அல்லது இரண்டும் ஏஎம்டி, கலந்தால் ஓடும் மெஷினை நிறுத்தாமல் இடம் மாற்ற முடியாது. பிராக்ஸ்மாக்ஸில் இரண்டு சர்வர் மட்டும் வைத்தால் ஒன்று விழும்போது சர்வர்களின் பெரும்பான்மை ஓட்டுக் கணக்கு இடித்து மற்றதும் தவிக்கும், கியூடிவைஸாக, அதாவது ஓட்டுப் போட மட்டும், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரையாவது மூன்றாவதாகச் சேருங்கள்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள் முழுக்க மின்தடை வரும், அது தெரிந்து வருவது. தெரியாமல் வருவதுதான் சர்வரைக் கொல்லும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. யுபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி அல்லது நெட்வொர்க் வழியாக சர்வரோடு பேசுகிறதா என்று கேளுங்கள். பேசினால்தான் பேட்டரி தீரும் முன் மெஷின்களை முறையாக அணைக்க முடியும். பிராக்ஸ்மாக்ஸில் இதற்கு நட் (NUT) என்ற மென்பொருளை டெபியனில் போடுவது போலவே போடலாம். திரும்ப எழுவதற்கும் ஏற்பாடு வேண்டும்: முதலில் டொமைன் கன்ட்ரோலர், பிறகு ஃபைல் சர்வர், அப்புறம் டெஸ்க்டாப்கள் ஒவ்வொன்றும் சில நொடி இடைவெளியில். ஹைப்பர்-வியிலும் பிராக்ஸ்மாக்ஸிலும் இந்தத் தாமதத்தை மெஷின்வாரியாக அமைக்கலாம். சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நாகப்பட்டினம் மாதிரி கடலோரம் என்றால் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட அறை, உப்புக்காற்று போர்டைத் தின்றுவிடும்.

வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

விண்டோஸ் சர்வர் சோதனைப் பதிப்பு 180 நாள், விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் 90 நாள், ஆர்டிஎஸ் லைசென்ஸ் இல்லாமல் 120 நாள் சலுகை. பிராக்ஸ்மாக்ஸுக்குக் கெடுவே இல்லை. இருக்கிற ஒரு நல்ல பிசியில் மெமரி கூட்டி ஐந்து மேசைக்கு மட்டும் போட்டு, நிஜ வேலையை நிஜ ஆட்கள் செய்யட்டும். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கும் வாரம், மில் என்றால் அறுவடைக் காலம், அப்போது பாருங்கள். டோக்கனால் கையெழுத்து விழுகிறதா, பில் பிரின்ட் ஆகிறதா, தமிழ் சரியாக வருகிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். கடைசியாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் சேமித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, யுபிஎஸ்ஸுக்கு வரும் மெயினை அணைத்து பேட்டரி தீரும் வரை விடுங்கள், மறுபடி போட்டு முதல் மேசையில் லாகின் திரை வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் விற்பவரை அந்தச் சாயங்காலம் கூடவே நிற்கச் சொல்லுங்கள், வரமாட்டேன் என்றால் அடுத்தவரிடம் கொட்டேஷன் கேளுங்கள்.