புது ரைடு எப்போது திறக்கும்? வேலிக்கு வெளியே நின்று கணக்குப் போடுவது எப்படி

ஓ.எம்.ஆரில் தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கலை பாதி தெரியும். மெட்ரோ தூணுக்குக் கம்பி கட்டிவிட்டார்களா, மேலே கர்டர் ஏறிவிட்டதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்" என்று பக்கத்து சீட்டில் சொல்லாதவர் யார்? அதே கண்ணைத் தீம் பார்க்கில் எழும்பும் புது ரோலர் கோஸ்டர் மேல் வைப்பதுதான் இந்தப் பதிவு. எனக்கு இது பல வருடப் பழக்கம். ஒரு ரைடு மண்ணிலிருந்து எழுவதைப் பார்ப்பதில் அதில் ஏறுவதற்குச் சமமான சந்தோஷம் இருக்கிறது.

தேவையானவை: ஒரு நோட்டு, இணையம் உள்ள போன், மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வர நேரம். அவ்வளவுதான்.

படி 1: காகித வேலையையும் மண் வேலையையும் பிரித்துப் பாருங்கள்

புதிதாகக் கணிப்பவர்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு காலம் உண்டு: அனுமதி, நிலம், வரி, பணம் என்று மேசையில் கழிகிற காலம் ஒன்று, மண்ணில் வேலை நடக்கிற காலம் இன்னொன்று. முதலாவதை வெளியிலிருந்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. இரண்டாவதை ஓரளவு எண்ணிவிடலாம்.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வரும் என்று வொண்டர்லா தீம் பார்க் பற்றிச் சென்னைக்காரர்கள் எத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தோம்! உள்ளாட்சிக் கேளிக்கை வரி பற்றிய கேள்வி தீராமல் திட்டம் நின்றிருந்தது. 2023இல் வரிவிலக்கு கிடைத்த பிறகு வேலை சூடு பிடித்து, 2025 டிசம்பர் 2 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். காத்திருந்த காலம்தான் நீளம். கட்டிய காலம் அதைவிட மிகக் குறைவு.

இதன் மறுபக்கத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். ஆர்லாண்டோவின் வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டரை யுனிவர்சல் பூங்கா நிறுவனம் முறைப்படி அறிவித்தது 2020 செப்டம்பரில். அப்போதே அதன் தண்டவாளம் ஊர் பார்க்க நின்றுகொண்டிருந்தது. 2021 ஜூன் 10இல் திறந்தார்கள். அறிவிப்பு நாளை மட்டும் வைத்து எண்ணியவருக்கு ஒன்பதே மாதத்தில் கட்டிவிட்டார்கள் என்று தோன்றியிருக்கும்.

ஆகவே நோட்டின் முதல் வரியில் அறிவிப்புத் தேதி வேண்டாம். மண் தோண்டியதை நீங்கள் கண்ணால் பார்த்த தேதியை எழுதுங்கள்.

படி 2: காகிதத்தில் தெரிவதைப் படித்துக்கொள்ளுங்கள்

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் உங்கள் வேலை சுலபம். காலாண்டு முடிவுகளும், அதிகாரிகள் முதலீட்டாளர்களோடு பேசிய பேச்சின் எழுத்து வடிவமும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். செப்டம்பர், மார்ச் கணக்குகளோடு சொத்துப் பட்டியலும் வரும். அதில் 'நடந்துகொண்டிருக்கும் மூலதன வேலை' என்ற வரியைத் தேடுங்கள். கட்டி முடியாதவற்றுக்குச் செலவான பணம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அந்த எண் ஆறு மாதத்தில் பல மடங்கானால் பெரிய வேலை உள்ளே ஓடுகிறது. அது திடீரென்று குறைந்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று முடிந்து பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பங்களை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பார்க்கலாம். ஈ.சி.ஆரில் கடலோரமாக வருகிற திட்டம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும். காகிதக் காலம் இன்னும் நீளும்.

படி 3: மேலிருந்து பாருங்கள்

கூகுள் எர்த்தில் பழைய படங்களை வருட வாரியாகத் திருப்பிப் பார்க்கலாம். படம் எடுத்த தேதியை மறக்காமல் பாருங்கள். போன வருடப் படத்தைப் பார்த்துவிட்டு "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

புதிய படம் வேண்டுமென்றால் ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 இருக்கிறது. ஏறக்குறைய 5 நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தின் மேல் வருகிறது. கோப்பர்னிகஸ் தளத்தில் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் தண்டவாளமெல்லாம் தெரியாது. ஆனால் பச்சையாக இருந்த நிலம் செம்மண்ணாக மாறுவது அழகாகத் தெரியும். நமக்கு வேண்டியதே அந்த மாற்றம் நடந்த வாரம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மேகம் மறைத்துவிடும்.

டிரோன் பறக்கவிட வேண்டாம். வேலிக்குள் நுழையவே வேண்டாம். வாட்ச்மேன் அண்ணனிடம் நோண்டி நோண்டிக் கேட்காதீர்கள். நமக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு வேலை போய்விடலாம்.

படி 4: சாலையிலிருந்து பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. பார்ப்பதை வரிசையாக அடையாளம் காணப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தாயிற்று.

முதலில் பைலிங் இயந்திரம், அதாவது அஸ்திவாரத் தூணுக்கு ஆழமாகத் துளை போடும் இயந்திரம், வரும். உயரமான ரைடின் எடை முழுவதும் தரைக்குள் இறங்க வேண்டும். காற்றில் ஆடினாலும், வண்டி வளைவில் வீசினாலும் தூண் அசையக் கூடாது. அதனால் அஸ்திவாரம் நாம் நினைப்பதைவிட ஆழம்; நாளும் அதிகம். காங்கிரீட் முழு வலிமை அடைய 28 நாள் கணக்கு என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். ரைடுக்கும் அதேதான். நடுத்தர அளவு கோஸ்டருக்கு நான் மண் வேலைக்கும் அஸ்திவாரத்துக்கும் சேர்த்து நான்கிலிருந்து ஆறு மாதம் வைப்பேன்.

அஸ்திவாரத்தின் மேல் வட்டமாகப் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால், இனி தூணுக்கு மட்டுமே காத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இரும்பு எங்கிருந்து வருகிறது? கோஸ்டர் செய்யும் பெரிய நிறுவனங்களில் வெகோமா நெதர்லாந்துக்காரர்கள், மாக் ஜெர்மனி, பொலிஜர் அண்ட் மாபிலார்ட் சுவிட்சர்லாந்து. அப்படியென்றால் கப்பல், துறைமுகம், சுங்கம் என்று கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வந்தன. அப்படி ஒன்று நடந்தால் கணிப்பில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கூட்டுங்கள். மாறாக, வொண்டர்லா சில ரைடுகளைக் கொச்சியில் தானே செய்துகொள்கிறது. அவை லாரியிலேயே வந்துவிடும்.

தூணும் தண்டவாளமும் ஏறுகிற கட்டம்தான் கண்ணுக்கு விருந்து. துண்டுகள் தொழிற்சாலையிலேயே அளவாகச் செய்யப்பட்டு வருவதால் கிரேன் நின்றுவிட்டால் மளமளவென்று ஏறும். மூன்று நான்கு மாதத்தில் உருவம் முழுதாகத் தெரிந்துவிடும். பார்க்கிற எல்லோரும் "அடுத்த மாசம் திறந்துடுவாங்க" என்று சொல்லத் தொடங்குவதும் அப்போதுதான். திறக்க மாட்டார்கள். மின்சாரம், பிரேக், கட்டுப்பாட்டுக் கணினி, ஏறும் மேடை, வரிசையில் நிற்கும் கூடாரம், கழிப்பறை, வடிகால் எல்லாம் அதன் பிறகுதான் முடியும். அவற்றில் எதுவும் சாலையிலிருந்து தெரியாது.

படி 5: சென்னையின் மாதங்களைக் கழியுங்கள்

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே வைத்தால் பலிக்காது. சென்னையில் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால் மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். காங்கிரீட் லாரி உள்ளே வராது. பலத்த காற்றில் கிரேன் தூக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊரே நின்றதைப் பார்த்தோமே. அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை உள்ள இரண்டு மாதத்தை ஒரு மாதமாகவே எண்ணுங்கள். அந்த நேரத்தில் அஸ்திவாரம் நடந்துகொண்டிருந்தால் அரை மாதம்தான்.

கட்டுமானத் தொழிலாளர்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வருகிறார்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊர் போவார்கள். அவர்கள் மாநிலத்தில் தேர்தல் வந்தாலும் போவார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்வருவது நியாயமானது. கணிக்கிற நாம்தான் அதற்கு நாள் ஒதுக்க வேண்டும்.

ஆடியில் பூமி பூஜை அநேகமாக இருக்காது, மார்கழியில் திறப்பு விழாவும் அபூர்வம். வொண்டர்லா திறந்த டிசம்பர் 2 கார்த்திகையில் விழுகிறது. இரண்டு வாரம் தள்ளினால் மார்கழி பிறந்துவிடும். அரையாண்டு விடுமுறைக் கூட்டத்துக்கும் சரியாக முன்னால். இந்த ஊரில் திறப்புத் தேதியைத் தேடும்போது பள்ளிக்கூட விடுமுறை, பஞ்சாங்கம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கூட்டுங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு. கேளம்பாக்கம் தாண்டி ஒரு பூங்காவில் பிப்ரவரி 10 அன்று பைலிங் இயந்திரத்தைப் பார்க்கிறீர்கள். ரைடு நடுத்தர அளவு.

அஸ்திவாரம் ஐந்து மாதம்: ஜூலை நடு வரை. இரும்பு ஏறுவது நான்கு மாதம். ஆனால் மூன்று மாதம் முடியும்போதே அக்டோபர் நடு வந்துவிடுகிறது. மீதி ஒரு மாத வேலை மழையில் இரண்டு மாதமாகும்: டிசம்பர் நடு. மின்வேலையும் மற்றவையும் இரண்டு மாதம்: பிப்ரவரி நடு. சோதனை ஓட்டம் இரண்டு மாதம்: ஏப்ரல் நடு.

இப்போது இதே கணக்கை இன்னும் இரண்டு முறை போடுங்கள், ஒருமுறை எல்லாம் நன்றாக நடந்தால், இன்னொரு முறை இரண்டு இடத்தில் தடங்கினால். எனக்கு மார்ச் தொடக்கம் என்றும் ஜூலை என்றும் வருகிறது. பூங்காவுக்கு ஏப்ரல், மே கூட்டம் உயிர்நாடி. அதனால் "ஏப்ரல் விடுமுறைக்குத் திறக்க முயல்வார்கள், தவறினால் ஆயுத பூஜை விடுமுறை" என்று எழுதுவேன். ஜூலையில் தயாரானாலும் பள்ளி திறந்து, ஆடியும் பிறந்த நேரத்தில் பெரிய விழா வைக்க மனம் வராது.

வேலை நடுவில் நின்றுபோனால் நின்ற நாட்களை மட்டும் கூட்டிவிட்டு விடாதீர்கள். ஆர்லாண்டோவில் யுனிவர்சலின் புதுப் பூங்காவான எபிக் யுனிவர்ஸ் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது, இலக்கு 2023. கொரோனாவால் 2020 நடுவில் நிறுத்தி, 2021 மார்ச்சில் மீண்டும் தொடங்கினார்கள். நின்றது ஒரு வருடத்துக்கும் குறைவு. திறந்தது 2025 மே 22. கலைந்த ஆட்களையும் கைவிட்ட ஆர்டர்களையும் மறுபடி சேர்ப்பதற்கே காலம் பிடிக்கும்.

இன்னொன்று: வேறு ஊரில் ஓடுகிற ரைடின் நகல் என்றால் சீக்கிரம் வரும் என்று நம்ப வேண்டாம். டிஸ்னியின் டிரான் கோஸ்டர் ஷாங்காயில் 2016இலேயே ஓடியது. புளோரிடாவுக்கு அதையே 2017இல் அறிவித்து, 2023 ஏப்ரல் 4இல்தான் திறந்தார்கள்.

படி 7: சோதனை ஓட்டத்தை அவசரப்படுத்தாதீர்கள்

ஆள் இல்லாமல், இருக்கையில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளோடு வண்டி ஓடினால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது. இதை நான் எப்போதும் தாராளமாகவே எண்ணுவேன். நம் பிள்ளைகள் ஏறப்போகிற வண்டி. நூறு முறை ஓட்டட்டும், ஆயிரம் முறை ஓட்டட்டும். அமெரிக்காவின் சீடர் பாயிண்டில் டாப் திரில் 2 ரைடை 2024 மே மாதம் திறந்து, சில நாட்களிலேயே வண்டிகளில் திருத்தம் வேண்டும் என்று நிறுத்தினார்கள். அடுத்த வருடம்தான் திரும்ப ஓடியது. நிறுத்தியது சரியான முடிவு.

படி 8: நோட்டில் எழுதுங்கள்

பார்த்த தேதி, பார்த்தது என்ன, அன்றைய கணிப்பு, அதற்குக் காரணம். நான்கே விஷயம். பழைய கணிப்பை அடிக்காமல் கீழே புதியதை எழுதுங்கள். ரைடு திறந்ததும் உண்மைத் தேதியைச் சிவப்பு மையில் பக்கத்தில் போட்டு, எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் தவறியது என்று பாருங்கள். என் நோட்டில் அஸ்திவாரக் கணக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் நிற்கிறது. தவறுவதெல்லாம் தண்டவாளம் முழுமையானதற்கும் முதல் சோதனை ஓட்டத்துக்கும் இடையில்தான். இப்போது அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் முன்பு வைத்ததைவிட ஒரு மாதம் கூட வைக்கிறேன்.