ஜிஆர்இ சொற்கள்: பட்டியலை மூடிவிட்டு இப்படித் தொடங்குங்கள்

வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வை எழுதலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, ஆயிரம் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைப் பதிவிறக்குவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஏ எழுத்தில் தொடங்கி வரிசையாக மனப்பாடம் செய்தேன். மூன்றாவது வாரத்தில் அபேட், அபேஸ், அபாஷ் மூன்றும் கலந்துபோயின. தணிவது எது, தாழ்த்துவது எது, கூச வைப்பது எது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை அகரவரிசை பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பாருங்கள். 2011-இல் தேர்வு மாறும்வரை எதிர்ச்சொல் கேள்விகள் நேரடியாக வந்தன. இப்போது வருவது வாக்கியம். டெக்ஸ்ட் கம்ப்ளீஷனில் ஒன்று முதல் மூன்று கோடிட்ட இடங்கள் இருக்கும். எல்லாவற்றையும் சரியாக நிரப்பினால்தான் மதிப்பெண். சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; எதைப் போட்டாலும் வாக்கியத்தின் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். ஆக, சொல்லின் பொருளோடு அதன் தொனியும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: குடும்பமாகச் சேருங்கள்

பேச்சு, பிடிவாதம், புகழ்ச்சி, சிக்கனம் என்று பொருள்வாரியாகப் பிரியுங்கள். தமிழ் நமக்குப் பெரிய துணையாக வருவது இங்கேதான். அகராதியில் லகானிக், டாசிடர்ன், ரெடிசென்ட் மூன்றுக்கும் ‘குறைவாகப் பேசுபவர்’ என்றே இருக்கும். அதை அப்படியே எழுதிக்கொண்டால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். வீட்டில் பேசுகிற தமிழுக்கு வாருங்கள். லகானிக் என்றால் நறுக்கென்று இரண்டே சொல்லில் முடிப்பவர். டாசிடர்ன் என்றால் இயல்பிலேயே வாயைத் திறக்க யோசிப்பவர். ரெடிசென்ட் என்றால் மனதில் இருப்பதை வெளியே விடாதவர். ‘ஆள் ரொம்ப அழுத்தம்’ என்கிறோமே, அவர். எதிர்ப்பக்கம் கேருலஸ் என்றால் தொணதொணப்பவர், வெர்போஸ் என்றால் வளவளவென்று நீட்டுவது, எலக்வென்ட் என்றால் நாவன்மை உள்ளவர். இப்படிப் பிடித்துக்கொண்ட சொல் எனக்கு மறந்ததே இல்லை.

லகானிக்குக்கு ஒரு கதையும் உண்டு. பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டா இருந்த பகுதியின் பெயர் லக்கோனியா. ‘நான் உள்ளே நுழைந்தால் உங்கள் நாட்டையே தரைமட்டமாக்குவேன்’ என்று மாசிடோனிய மன்னர் பிலிப் மிரட்ட, ஸ்பார்ட்டாக்காரர்கள் ‘நுழைந்தால்’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்களாம்.

படி 2: அட்டை எழுதுங்கள்

முன்பக்கம் ஒரு வாக்கியம், சொல் இருக்கும் இடத்தில் கோடு. பின்பக்கம் சொல், தமிழ்த் தொனி, பாராட்டா பழிப்பா என்பதற்கு ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி. அவ்வளவு போதும். இப்படி அட்டை போட்டுப் படிக்க உதவும் ஆங்கி செயலி இருந்தால் எந்த அட்டையை எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் அதன் வடிவமான ஆங்கிட்ராய்டு இலவசம். ஒரு நாளைக்குப் புதிதாக 15 சொற்கள் போதும். பழைய அட்டைகளை முடிக்காமல் புதியதைத் தொடாதீர்கள்.

படி 3: தெரிந்த சொற்களைச் சந்தேகப்படுங்கள்

பலர் சறுக்கும் இடம் இது. கடினமான சொல் வந்தால் உஷாராகிவிடுகிறோம், எளிய சொல் வந்தால் கடந்து போகிறோம். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது மட்டும் இல்லை. ஒரு கூற்றை வரம்பிட்டு மட்டுப்படுத்துவதும்தான். ஃப்ளாக் என்றால் சோர்ந்து தளர்வது. பெடஸ்ட்ரியன் என்றால் உப்புச்சப்பில்லாதது. வான்ட்டிங் என்றால் குறைபாடு உள்ளது. சாங்ஷன் என்றால் அனுமதிப்பது, தண்டனை விதிப்பது இரண்டுமே. எது என்பதை வாக்கியம்தான் சொல்லும். இவற்றுக்குத் தனியாக ஒரு நோட்டு போடுங்கள்.

படி 4: விடைகளை மறைத்துவிட்டுப் பயிற்சி செய்யுங்கள்

இப்படி ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்வோம்: ‘மேடை ஏறினால் மணிக்கணக்கில் பேசும் அந்தப் பேராசிரியர் நேரில் ______ ஆக இருந்தது மாணவர்களுக்கு வியப்பைத் தந்தது.’ விடைகளைப் பார்க்கும் முன்பே கோட்டில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். ‘வியப்பு’ என்று வருவதால் மேடைக்கு நேர்மாறு, அதாவது ‘பேசாதவர்’. அப்புறம் கையை எடுங்கள்: டாசிடர்ன், கேருலஸ், அரகன்ட், லொக்வேஷஸ், அன்கம்யூனிகேட்டிவ், எருடைட். கேருலஸும் லொக்வேஷஸும் நல்ல ஜோடிதான், ஆனால் வாக்கியத்துக்குப் பொருந்தாது. அரகன்ட் (திமிர் பிடித்தவர்) ஓரளவு பொருந்துகிற மாதிரி இருக்கும், அதற்கு ஜோடி கிடையாது. எருடைட் (நிறையப் படித்தவர்) பொருந்தவே இல்லை. மிஞ்சுவது டாசிடர்னும் அன்கம்யூனிகேட்டிவும்.

இதை நிதானமாக ஐம்பது கேள்விகளுக்குச் செய்த பிறகு கடிகாரத்தை எடுங்கள். 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்டதிலிருந்து வெர்பலில், அதாவது ஆங்கில மொழித்திறன் பிரிவில், முதல் பகுதி 12 கேள்விகள், 18 நிமிடம். இரண்டாவது 15 கேள்விகள், 23 நிமிடம். தேர்வை நடத்தும் இடிஎஸ் தளத்திலேயே இலவச மாதிரித் தேர்வுகள் கிடைக்கின்றன. அதில் தவறவிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அன்றிரவே ஓர் அட்டை எழுதி, அதன் குடும்பத்தில் சேர்த்துவிடுங்கள்.