கரண்ட் வந்தால் போதுமா? மலையில் கேம்பர் வேனுக்கு இணைப்பு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம்பர் வேனோடு கோத்தகிரி, அவலாஞ்சி, பூம்பாறை, மன்னவனூர் என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் வேனுக்கென்றே மின் இணைப்புக் கம்பம் நட்டு வைத்திருக்கும் கேம்ப் சைட் நம் மலைகளில் அபூர்வம். ஹோம்ஸ்டே வராந்தாவில் இருக்கும் ப்ளக் பாயின்ட், எஸ்டேட் கார் ஷெட்டில் எப்போதோ போட்ட சாக்கெட், தோட்டத்து மோட்டாருக்கு வைத்த பெட்டி, இவற்றிலிருந்துதான் ஒயர் இழுத்துக் கொடுக்கிறார்கள். செருகியதும் வண்டிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் வருதா?" உள்ளே லைட் எரிந்துவிட்டால் திருப்தியாகி நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எர்த் இருக்கா?"

எர்த்தைப் பார்க்காமல் விடுவது

வேனின் உடம்பு இரும்பு. நிற்பது ரப்பர் டயர் மேல். உள்ளே கீசரிலோ சார்ஜரிலோ கசிவு ஏற்பட்டு ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) பாடியைத் தொட்டால், அது பூமிக்கு இறங்க எர்த் ஒயரைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஒயர் இல்லாவிட்டால் பாடி முழுவதும் 230 வோல்ட்டோடு நிற்கும். வேனுக்குள் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. காலையில் பனி நனைத்த புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவர் வழியாகத்தான் அது பூமிக்குப் போகும். பெரும்பாலும் அது குழந்தையாக இருக்கும், முதலில் இறங்கி ஓடுவது அவர்கள்தான்.

"கதவைத் தொட்டா லேசா சுர்ருங்குது, மத்தபடி ஒண்ணுமில்ல" என்று பலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சார்ஜர், இன்வெர்ட்டர் போன்றவற்றில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக, கோளாறே இல்லாதபோதும் துளி கரண்ட் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அது கையில் தெரியாது. கையில் தெரிகிறது என்றாலே எர்த் வரவில்லை என்று அர்த்தம். இன்று சுர்ரென்கிற அதே கதவு, நாளை ஒரு ஹீட்டர் காயில் பழுதானால் ஆளையே தூக்கி எறியும். அந்த நிமிடமே சுவர் ஸ்விட்சை அணைத்து ப்ளக்கை எடுத்துவிட வேண்டும்.

ஒரு மல்டிமீட்டர் வேனில் இருந்தாக வேண்டும். டெஸ்டர் போதாது, அது ஃபேஸ் இருப்பதை மட்டும்தான் காட்டும். சாக்கெட்டில் மூன்று அளவுகளைப் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) நடுவே 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். 60, 110 என்று தள்ளாடினால் எர்த் பின் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட், லோடு போட்டால் இன்னும் சற்றுக் கூடும்.

மூன்றாவது அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்துப் ப்ளக்கில் ஹீட்டரைப் போட்டுவிட்டு அளந்தாலும் அது 0.0 என்று அசையாமல் நின்றால் சந்தோஷப்படாதீர்கள். எர்த் கம்பி இழுக்காமல், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னில் லூப் அடித்திருக்கலாம். பழைய வீடுகளில் இந்தக் குறுக்கு வழி நிறைய உண்டு. எங்கோ கம்பத்தில் நியூட்ரல் அறுந்தது என்று வையுங்கள். வேனில் ஓடும் ஹீட்டர் வழியாக ஃபேஸ் நியூட்ரலுக்கு வந்து, அந்த லூப் வழியாக எர்த் பின்னுக்கு ஏறி, நேராக பாடிக்கு வந்துவிடும். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பை வெட்டும் ஸ்விட்சான ஆர்சிசிபி வேனில் இருந்தாலும் காப்பாற்றாது. போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வந்ததாகத்தான் அதற்குத் தெரியும். சந்தேகம் வந்தால் உரிமையாளரிடம் சொல்லி, ஒயர்மேனை வைத்து சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். லூப் இருந்தால் அந்த இணைப்பு வேண்டவே வேண்டாம்.

எர்த்தே இல்லாத இடத்தில் சிலர் ஒரு இரும்புக் கம்பியை வேன் பக்கத்தில் அடித்து ஒயரைக் கட்டிவிட்டு நிம்மதியாகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நம் மலைகளில் ஒரு முழம் தோண்டினால் பல இடங்களில் பாறை. அங்கே ஒற்றைக் கம்பியின் எர்த் தடை 100 ஓம் இருப்பது ஆச்சரியமே இல்லை. 230 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 2.3 ஆம்பியர். லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ இணைப்பை வெட்டும் ஸ்விட்ச்தான் எம்சிபி; 16 ஆம்பியர் எம்சிபி இதைத் திரும்பியும் பார்க்காது. பாடியில் ஷாக் அப்படியே நிற்கும். அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். கம்பி மட்டும் இருந்து ஆர்சிசிபி இல்லையென்றால் பயனில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. ஆர்சிசிபியும் எம்சிபியும் சேர்ந்த ஒரு சிறு பெட்டியை ஒயரின் சுவர்ப்பக்க முனையிலேயே வைத்துக்கொண்டால், ஈரத்தில் கிடக்கும் ஒயரும் அதன் காவலுக்குள் வந்துவிடும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்றுதான் சொல்லும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

டிரிப் ஆனதும் டிரிப்பரைக் கழற்றுவது

எம்சிபி விழுந்தால் லோடு அதிகம் அல்லது ஷார்ட். ஆர்சிசிபி விழுந்தால் கசிவு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, "இந்த இடத்துல லைன் சரியில்ல" என்று ஆர்சிசிபியைச் சுற்றி நேராக ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். இதைவிடக் கொடிய தவறு இந்தத் தொழிலில் இல்லை. விழுந்தது உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான்.

கண்டுபிடிக்கும் வழி பொறுமையானது. வேனில் உள்ள எல்லா ப்ளக்கையும் கையால் உருவி எடுங்கள். ஸ்விட்சையோ எம்சிபியையோ அணைத்தால் போதாது, ஏனென்றால் சாதாரண ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். உள்ளே நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அணைத்த பிறகும் ஆர்சிசிபி விழும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். எல்லாம் எடுத்த பிறகு ஆர்சிசிபி நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். அநேகமாக கீசரில் மாட்டும், காயில் வெடித்திருக்கும். எல்லாம் எடுத்தும் விழுந்தால் ஒயரையும் வேனின் இன்லெட்டையும் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் மூடுபனியில் மழையே பெய்யாமலும் ப்ளக்குக்குள் நீர் கோத்துக்கொள்ளும். துடைத்துக் காயவைத்தாலே சரியாகிவிடுகிற டிரிப்கள் ஏராளம். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிப் புல்லில் போடுவதை விட்டுவிட்டு, மூடியோடு வரும் நீல நிற இண்டஸ்ட்ரியல் ப்ளக் சாக்கெட்டைப் பயன்படுத்தினால் பாதித் தொல்லை குறையும்.

ராத்திரி டிரிப் ஆனால் டார்ச்சோடு இறங்கி ஒயர் வழியே நடக்காதீர்கள். குன்னூரிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடு வீட்டு வாசல் வரை வருகிறது. விடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒல்லி ஒயரும் சின்ன சாக்கெட்டும்

வராந்தாவில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். அதன் அளவு சுமார் 1,400 வாட், அவ்வளவுதான். கன்வெர்ஷன் ப்ளக் போட்டு 2,000 வாட் ஹீட்டரை அதில் மாட்டினால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். எம்சிபி பெரிதாக இருந்தால் விழாது, சாக்கெட்தான் உருகும். பழுப்புக் கறை, கருகல் வாடை, ப்ளக்கைத் தொட்டால் சூடு, மூன்றில் எது தெரிந்தாலும் நிறுத்துங்கள். 16 ஆம்பியர் கிடைத்தாலும் கீசர் 3,000 வாட், கெட்டில் 1,500 வாட் என்று சேர்த்துப் போட முடியாது, அது 19 ஆம்பியரைத் தாண்டும். ஒன்று முடிந்து மற்றொன்று.

ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு இருக்கட்டும். 25 மீட்டர் நீளத்துக்கு 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 13 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 12 வோல்ட் காணாமல் போகும். அது ஒயருக்குள் 150 வாட் சூடாக இறங்கும். 2.5-இல் இழப்பு 5 வோல்ட்தான். அந்தச் சூட்டோடு ஒயரை ரீலில் சுற்றியபடியே விட்டால் உள்சுற்று ஒன்றோடொன்று ஒட்டி உருகும். எவ்வளவு நீளம் மிச்சமானாலும் முழுவதும் அவிழ்த்துப் பரப்புங்கள்.

லோ வோல்டேஜை வேனின் கோளாறாக நினைப்பது

பைக்காராவில் 1932-லேயே நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை நீலகிரி. ஆனாலும் தேயிலைச் சரிவுகளைத் தாண்டி ஒற்றை லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு, காலை எல்லோரும் கீசர் போடும் நேரத்தில் 180 வோல்ட்தான் மிஞ்சும். அப்போது 2,000 வாட் ஹீட்டர் 1,200 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுபோகும். கீசர் கெட்டுவிட்டது, ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் லோடு போட்ட நிலையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். லோடு இல்லாமல் 225 காட்டிய சாக்கெட், லோடு போட்டதும் 185-க்கு விழுந்தால் எங்கோ இணைப்பு லூஸ் அல்லது ஒயர் மெல்லியது. 200-க்குக் கீழே கம்ப்ரசர் ஓடும் எதையும் போடாதீர்கள். ஸ்டெபிலைசர் கரண்ட்டை உருவாக்காது. அந்தப் பலவீனமான லைனிலிருந்தே கூடுதல் ஆம்பியரை உறிஞ்சித்தான் அது வோல்டேஜை ஏற்றுகிறது.

வோல்டேஜ் திடீரென ஏறினால் அது வேறு வகை அபாயம். விளக்குகள் சில மங்கி, சில கண் கூசப் பிரகாசித்தால் மூன்று ஃபேஸ் வரும் இடத்தில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230-க்குப் பதில் 400-ஐ நெருங்கி வரக்கூடும். யோசிக்காமல் மெயினை அணையுங்கள், பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் புகார் சொல்லுங்கள். அளவு மீறினால் தானே வெட்டிவிடும் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்று வேனில் இருப்பது நல்லது. ஏப்ரல், மே இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்க ஆரம்பித்ததுமே ஒயரை எடுத்துவிடுங்கள்.

குளிரும் உயரமும் செய்வதை இணைப்பின் மேல் போடுவது

ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் விடியலில் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று பதறுவார்கள். 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரியின் உள் சர்க்யூட்டே அதைத் தடுத்துவிடும். வெயில் ஏறியதும் தானே ஏறும்.

ஜெனரேட்டரும் அப்படித்தான். உயரம் 300 மீட்டர் கூடுகிறபோது சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். 2,200 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். கோவையில் கீசரை இழுத்த மெஷின் இங்கே திணறுவது கோளாறல்ல. ஜெனரேட்டரையோ வேனின் இன்வெர்ட்டரையோ வெளி லைனோடு ஒரே நேரத்தில் சேர விடாத சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். இரு முனையிலும் ப்ளக் வைத்த ஒயரால் வீட்டு சாக்கெட்டுக்குள் கரண்ட் கொடுப்பது, கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனைக் கொல்லும்.

இணைக்கும்போது வேன் மெயினை அணைத்து, முதலில் வேன் பக்கம், பிறகு சுவர்ப் பக்கம், கடைசியில் ஸ்விட்ச். கழற்றும்போது நேர் எதிர். சுவரில் செருகிய ஒயரின் மறுமுனையை ஈரக் கையோடு பிடித்துக்கொண்டு நிற்கும் நிலையே வரக் கூடாது.

எதுவும் சரிப்படாமல் இணைப்பைத் துண்டித்த இரவில் குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ மூடிய வேனுக்குள் எரிக்காதீர்கள், ஜெனரேட்டரை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். கம்பளியைக் கூடுதலாக எடுத்து வாருங்கள், ஹோம்ஸ்டேயில் ஒரு அறை கேட்டால் இந்த ஊர்களில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.