தோட்டத்துச் சாளையின் மண் சுவர்: பழுது பார்ப்பது எப்படி?

கொங்குப் பக்கத் தோட்டங்களில் தாத்தா காலத்து மண் சுவர்ச் சாளைகள், அதாவது தோட்டத்து வீடுகள், இன்னும் அங்கங்கே நிற்கின்றன. சுவர் உதிர ஆரம்பித்ததும் பலரும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மண் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது, அப்புறம் பூச்சில் விழும் மயிரிழை வெடிப்பு வழியே மழைத்தண்ணீர் இறங்கித் தங்கி, வெளியே பார்க்க நன்றாக இருக்கும் சுவர் உள்ளுக்குள் சேறாகிச் சரிந்துவிடும்.

வேலையைத் தையில் தொடங்குங்கள், ஐப்பசி மழைக்குள் காய்ந்துவிடும்.

முதலில் கூரை. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். இறவாணத்துத் (கூரை விளிம்பு) தண்ணீர் சுவரில் வழியக் கூடாது.

அடுத்து சுவரின் அடிப்பகுதி, இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளியே மண் மேடேறி அடிக் கல்கட்டை மூடியிருந்தால் வெட்டி இறக்கி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் கொடுங்கள். மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கச் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி ஒட்டினால் அது பெரும்பாலும் மாட்டு மூத்திரத்திலிருந்து ஏறிய உப்பு. உர மூட்டை சாய்த்து வைத்த இடத்திலும் இது பூக்கும். ஈரம் காயக் காய உப்பு படிகமாகி மண்ணைப் பிளக்கும், ஆகவே அந்தப் பொடிமண்ணைச் சுரண்டித் தூரக் கொட்டுங்கள், ஒட்டுப்போட அதையே குழைக்காதீர்கள்.

வெடிப்புக்கு வருவோம். ஈர மண்ணை அப்படியே அடைத்தால் காயும்போது சுருங்கி, சுவரை விட்டுக் கழன்று நிற்கும். உப்பேறாத பழைய சுவர் மண்ணில் நறுக்கிய வைக்கோலைப் போட்டு மிதித்து, சில நாள் புளிக்கவிட்டு, பச்சைக்கல்லாக (சுடாத மண்கல்) அறுத்து நிழலில் காயவையுங்கள். பெயர்ந்த இடத்தைச் சதுரமாகச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, குழைமண் தடவிக் கல்லை இறுக்கி வையுங்கள். சுவர் சாய்ந்திருந்தாலோ அடியில் பிதுங்கியிருந்தாலோ கை வைக்காதீர்கள், முட்டுக் கொடுக்கத் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

பழைய சிமெண்ட் பூச்சை வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும், மொத்தமாகத் தட்டினால் ஈரச் சுவரும் கூட வந்துவிடும்.

கடைசியாகப் பூச்சு. உள்ளே மண்ணும் சாணியும் போதும். மழைச்சாரல் படும் பக்கத்துக்கு மணலும் நீற்றிய (தண்ணீர் விட்டுத் தணித்த) சுண்ணாம்பும், பூசியபின் சில நாள் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் சுண்ணாம்பே அடியுங்கள், பிளாஸ்டிக் பெயிண்ட் சிமெண்ட் செய்யும் அதே கெடுதலைத்தான் செய்யும்.