ஜீப் ராங்ளரின் ஹார்ட் டாப்பைக் கராஜ் ஹாய்ஸ்டில் தூக்கி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு கதவு ராங்ளரின் ஹார்ட் டாப்பில், அதாவது கழற்றி மாட்டக்கூடிய கெட்டியான மேல்மூடியில், முன்இருக்கைகளுக்கு மேலுள்ள ஃப்ரீடம் பேனல் என்ற இரண்டு பலகைகளையும் கழற்றிவிட்ட பிறகும் பின்பகுதி மட்டும் ஏறக்குறைய 60 முதல் 70 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆனால் அகலமும் நீளமுமான ஒரு பெட்டியை ரோல் பாரில் (இருக்கைகளுக்கு மேலே போகும் பாதுகாப்புக் கம்பிச் சட்டம்) உரசாமல் தலைக்கு மேலே உயர்த்தி நகர்த்துவதுதான் கடினம். அதனால்தான் அமெரிக்காவில் ராங்ளர் வைத்திருப்பவர்கள் பலர் கராஜ் கூரையில் ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். கோடையில் டாப் மேலே தொங்கும், குளிர்காலத்தில் வண்டிக்குத் திரும்பும்.

ஹாய்ஸ்ட் எடையைச் சமாளித்துவிடும். சேதம் வருவது பெரும்பாலும் கயிறு இறுகுவதற்கு முன்பே எடுத்த முடிவுகளால்: வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினோம், கூரையில் எதைப் பிடித்து ஆணி இறக்கினோம், எதைக் கழற்ற மறந்தோம்.

வண்டியை முகம் உள்ளே வைத்து நிறுத்துவது

பலரும் வழக்கம்போல முன்புறம் உள்ளே போகும்படி நிறுத்திவிட்டு, அதற்கேற்ப ஹாய்ஸ்டைப் பொருத்திவிடுகிறார்கள். பிறகு வண்டியைப் பின்னோக்கி எடுத்தால் டாப்பின் பின்சுவர் ரோல் பாரில் மோதும். மோதாமல் இருக்க டாப் முழுவதும் ரோல் பாருக்கு மேலே போயாக வேண்டும். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். வண்டியின் உயரம் சுமார் 1.85 மீட்டர். டாப்பின் சொந்த உயரம் ஏறக்குறைய இரண்டடி, அதாவது 60 செ.மீ. ரோல் பாரை முழுதாகத் தாண்ட அந்த அளவுக்கு உயர்த்தினால் டாப்பின் உச்சி 2.45 மீட்டருக்குப் போய்விடும். அமெரிக்கக் கராஜ்களில் சாதாரணமான 8 அடிக் கூரை 2.44 மீட்டர்தான். கப்பிக்கும் கொக்கிக்கும் இடம் எங்கே?

வண்டியைப் பின்னோக்கி உள்ளே விட்டு, டாப்பைக் கழற்றியதும் முன்னோக்கி வெளியே எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஃப்ரீடம் பேனல்களை எடுத்துவிட்டதால் டாப்பின் முன்பக்கம் திறந்தே இருக்கிறது. வண்டி முன்னால் நகரும்போது ரோல் பார் அந்தத் திறப்பு வழியாக வெளியேறிவிடும். டாப்பின் பக்கச் சுவர்கள் பாடியின் விளிம்பையும், பின்சுவர் டெயில்கேட்டையும் ஸ்பேர் டயரையும் தாண்டும் அளவு உயர்த்தினால் போதும். ராங்ளரின் முந்தைய தலைமுறையான ஜேகே மாடலில் ஸ்பேர் டயருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிரேக் விளக்கையும் கணக்கில் சேருங்கள், மோதுவது பெரும்பாலும் அதுதான். வண்டி வெளியே போன பிறகு டாப்பைக் கூரைவரை ஏற்றிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மேலே சுருண்டு திறக்கும் கராஜ் கதவு, திறந்த நிலையில் கூரையின் முன்பகுதி ஏழடியை அடைத்துக்கொள்ளும். வண்டி பின்னோக்கி நின்றால் டாப் கராஜின் உட்பகுதியில் இருக்கும், கதவுப் பலகையோ மோட்டார் தண்டவாளமோ குறுக்கே வராது. ஹாய்ஸ்டுக்கு இடம் குறிக்கும் முன்பு கதவை முழுதாகத் திறந்து வைத்து அளந்து பாருங்கள். மூடிய கதவோடு அளந்துவிட்டு, முதல் முறை கதவைத் திறக்கும்போது பலகை டாப்பில் இடித்து நிற்பது அடிக்கடி நடப்பது.

ஜிப்சம் பலகையை நம்புவது, ஒரே சட்டத்தில் எல்லாப் பாரத்தையும் ஏற்றுவது

கூரையில் தெரியும் வெள்ளைப் பலகைக்குத் தாங்கும் சக்தி கிடையாது. விரியும் வகை ஆங்கர்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்கு ஆகாது. மரச்சட்டத்தில்தான் இறங்க வேண்டும். பலகைக்குப் பின்னாலுள்ள சட்டத்தைக் காட்டும் ஸ்டட் ஃபைண்டர் கருவியை வைத்துச் சட்டத்தின் இரண்டு ஓரங்களையும் கண்டுபிடித்து, மெல்லிய ஆணியால் குத்திப் பார்த்து நடுவைக் குறியுங்கள். ஓரத்தில் இறங்கிய ஸ்குரூ மரத்தைப் பிளக்கும், பிளந்தது வெளியே தெரியாது.

சட்டங்கள் பொதுவாக 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் இருக்கும். உங்கள் கூரையில் இருப்பது தனித்தனி உத்தரமான ஜாயிஸ்டா, முக்கோணமாகக் கோத்த டிரஸ்ஸா என்று பரணில் ஏறிப் பாருங்கள். டிரஸ்ஸின் கீழ்த்தண்டு பெரும்பாலும் கூரைப் பலகையையும் காப்புப் பஞ்சையும் தாங்குவதற்காக மட்டுமே அளக்கப்பட்டிருக்கும். அதன் நடுவில் ஒரே புள்ளியில் 70 கிலோவைத் தொங்கவிடுவது நல்லதல்ல. இரண்டுக்கு ஆறு அங்குல மரப்பலகையைச் சட்டங்களுக்குக் குறுக்காக வைத்து, குறைந்தது மூன்று அல்லது நான்கு சட்டங்களில் பிணைத்து, கப்பிகளை அந்தப் பலகையில் பொருத்துங்கள். பாரம் பிரிந்துவிடும். டிரஸ் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது மலிவு. டிரஸ்ஸை வெட்டுவதோ அதில் பெரிய துளை போடுவதோ எந்த நிலையிலும் கூடாது.

தடித்த மரத்திருகான லேக் ஸ்குரூவுக்கு முன்துளை போடாமல் இறக்குவதும் சாதாரணமாக நடக்கும் தவறு. மென்மரத்தில் 5/16 அங்குல லேக் ஸ்குரூவுக்கு 3/16 அங்குலமும், 3/8 அங்குலத்துக்கு 1/4 அங்குலமும் முன்துளை போடலாம். பலகையின் தடிப்பைக் கழித்த பிறகு சட்டத்துக்குள் குறைந்தது இரண்டு அங்குலமாவது மரை இறங்கியிருக்க வேண்டும். கம்பியை வளைத்துச் செய்த, வாய் முழுதாக மூடாத கண் ஸ்குரூக்களைத் தவிருங்கள். பாரத்தில் அவை மெல்ல விரிந்துகொடுக்கும்.

எல்லாக் கயிறுகளையும் ஒரே கொக்கியில் சேர்ப்பது

சிக்கனமான ஏற்பாடு என்றால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச், ஒரு கொக்கி, அதிலிருந்து டாப்பின் இரண்டு பக்கத்துக்கும் போகும் பட்டைகள். பார்ப்பதற்கு எளிது. கூரை தாழ்வாக இருந்தால் பட்டைகள் படுத்த கோணத்தில் இழுக்கும், அங்கேதான் கெடுதல். 66 கிலோ டாப் இரண்டு செங்குத்துப் பட்டைகளில் தொங்கினால் ஒவ்வொன்றிலும் 33 கிலோ. அதே பட்டைகள் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக் கோணத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 66 கிலோ இழுவிசை வரும். அதற்கு மேல், டாப்பின் பக்கங்களை இரண்டு புறமிருந்தும் 57 கிலோ அளவு உள்நோக்கி அமுக்கும். டாப்பின் வளைவு ஓரத்தில் பெயின்ட் நுண்ணிய கோடுகளாக வெடிப்பதற்கும், ஒரு பருவம் முழுக்கத் தொங்கிய டாப் திரும்ப வரும்போது போல்ட் துளைகள் நேராகப் பொருந்தாமல் போவதற்கும் இது காரணமாகலாம்.

இதற்கு இரண்டு வழி. டாப்பின் அகலத்தைவிடச் சற்று நீளமான குறுக்குத் தண்டு வைத்து, பட்டைகள் அதன் முனைகளிலிருந்து நேர்கீழே இறங்கும்படி செய்யலாம். அல்லது நான்கு மூலைக்கும் தனித்தனிக் கப்பி இருந்து, ஒரே கயிற்றை இழுத்தால் நான்கும் சமமாக ஏறும் வகை ஹாய்ஸ்டை வாங்கலாம். உயரம் குறைந்த கராஜுக்கு இரண்டாவதுதான் சரி, குறுக்குத் தண்டு தின்னும் உயரம் அதில் மிச்சம்.

வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண், அறும் எடையா அல்லது பாதுகாப்பாகத் தூக்கும் எடையா என்று பாருங்கள். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. டாப்பின் எடையைப் போல இரண்டு மடங்காவது அது இருக்கட்டும். படகு டிரெய்லருக்கான கை வின்ச்சை மலிவு என்று வாங்கிக் கூரையில் மாட்டுகிறவர்கள் உண்டு. அவற்றில் பலவும் இழுப்பதற்கு மட்டும், தூக்குவதற்கு அல்ல. இறக்கும்போது பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பல்லுக்கட்டையை விடுவித்ததும் கைப்பிடி தானாகச் சுழன்று மணிக்கட்டை உடைக்கும். தானியங்கி பிரேக் உள்ள வின்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் ஆகும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கழற்ற மறப்பவை

முதலில் ஃப்ரீடம் பேனல்கள். நடுவில் ஒரு பேனலின் விளிம்பு மற்றொன்றின் மேல் படிந்திருக்கும். மேலே படிந்திருப்பதை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் வைக்க வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ள பூட்டுகளை விடுவிக்காமல் நெம்பினால் பேனலின் மூலை உடையும். கழற்றிய பேனல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்காமல், மெத்தென்ற தடுப்பு உள்ள உறையில் செங்குத்தாக வையுங்கள்.

அடுத்து பின்பகுதியைப் பாடியோடு பிணைக்கும், தலையில் நட்சத்திர வடிவக் குழி உள்ள டார்க்ஸ் போல்ட்டுகள். ஜேகே மாடலுக்கு டி40 அளவு பிட், அதற்கு அடுத்த தலைமுறையான ஜேஎல் மாடலுக்கு டி50. அளவு மாறிய பிட்டைத் திணித்தால் தலை வழுக்கிவிடும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இம்பாக்ட் கருவி வேண்டாம், கை ராட்செட் போதும். போல்ட்டுகள் 6 அல்லது 8 இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் எத்தனை என்று பார்த்து, கழற்றியதை எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். முன்கதவின் பின்தூணுக்குப் பக்கத்தில் இருப்பவைதான் அதிகம் மறக்கப்படுபவை. ஒரே ஒரு போல்ட் மாட்டியபடி இருக்க வின்ச் இழுத்தால் வின்ச் தயங்காது, ஃபைபர் கிழியும்.

இடது பின்மூலையில் கண்ணாடி சூடாக்கிக்கும் வைப்பருக்கும் போகும் மின் இணைப்பும், வாஷர் தண்ணீர்க் குழாயும் இருக்கின்றன. இக்னிஷனை அணைத்துவிட்டு, இணைப்பின் பூட்டுத் தாழை நகர்த்திய பிறகே இழுங்கள், கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழற்றிய வாஷர் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். டாப் இல்லாமல் ஓட்டும்போது யாராவது பின் வாஷர் பொத்தானை அழுத்தினால் நீலத் திரவம் பின்சீட்டில் பாயும்.

கதவுகள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும், டெயில்கேட் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஜேகேயில் பின்கண்ணாடியை மூடி வைத்திருப்பதே டெயில்கேட்தான். அதைத் திறந்துவிட்டால் கண்ணாடியைப் பிடித்திருப்பவை கீல்களும் கேஸ் ஸ்ட்ரட்டுகளும் மட்டுமே. உங்கள் ஹாய்ஸ்டின் பின்கொக்கி கண்ணாடித் திறப்பின் விளிம்பைப் பிடிக்கும் வகையானால், கொக்கியின் மேலேயே கண்ணாடியை அமுக்கி மூடிவிடாதீர்கள், விரிசல் விழும். கொக்கி அங்கே இல்லையென்றால், ஏற்றும்போது கண்ணாடி எழும்பாதபடி மென்மையான பட்டையால் கட்டுங்கள்.

ஒரே மூச்சில் மேலே ஏற்றுவது

முதல் இழுப்பில் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்துங்கள். வண்டியைச் சுற்றி வந்து நான்கு மூலையும் சமமாகப் பிரிந்திருக்கிறதா, சீல் எங்காவது ஒட்டிக்கொண்டு இழுபடுகிறதா, கம்பி ஏதாவது நீள்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீடம் பேனல் போய்விட்டதால் எடை பின்பக்கம் சாய்ந்திருக்கும், கண்ணாடியும் வைப்பர் மோட்டாரும் அங்கேதானே இருக்கின்றன. பின்பக்கம் தாழ்ந்தால் கீழே இறக்கி, பிடிக்கும் புள்ளியைப் பின்னால் நகர்த்துங்கள். ஒருவர் முன்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துச் சமன் செய்வது வேலைக்காகாது, அவர் கை எடுக்கும் கணத்தில் டாப் சாயும்.

பட்டை படும் இடங்களைத் துடைத்து, கம்பளித் துணியோ நுரையோ வையுங்கள். பட்டைக்குக் கீழே சிக்கிய மணல் மாதக்கணக்கில் உரசினால் பாலிஷ் போட்டாலும் போகாத கோடு விழும். டாப்பின் உட்புறத்தில் ஹெட்லைனர் என்ற மெத்தை உறை போட்டிருந்தால், ஹாய்ஸ்டின் கைகள் அதை நசுக்குகின்றனவா என்றும் கவனியுங்கள்.

வின்ச்சின் பிடியிலேயே மாதக்கணக்கில் தொங்கவிடுவது

பிரேக்கும் கயிற்றுப் பூட்டும் ஏற்றி இறக்குவதற்கு. ஏறிய பிறகு பாரத்தை வேறொன்று தாங்க வேண்டும். எடை மதிப்பிட்ட பட்டைகளோ சங்கிலிகளோ இரண்டு, ஹாய்ஸ்ட் மாட்டிய சட்டங்கள் அல்லாத வேறு சட்டங்களில் பிணைத்து, டாப்பை அவற்றில் உட்கார வையுங்கள். மின்சார ஹாய்ஸ்டுக்கும் இதே விதி, அதோடு மின்பிளக்கையும் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் கைக்கு ரிமோட் எட்டும் வீடுகளில் இது மிக முக்கியம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் யாரும் அடியில் நிற்கக் கூடாது. நைலான் கயிறு பாரத்தில் நீளும், நீண்ட காலத்துக்குப் பாலியெஸ்டர் மேல்.

தூசிக்கு உறை போடலாம், ஆனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாள் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். டாப்பைக் கழுவி முழுதாக உலர்ந்த பிறகே ஏற்றுங்கள். கீழ் விளிம்பு ரப்பர் சீல்களுக்குச் சிலிக்கான் வகைப் பாதுகாப்புத் திரவம் பூசுங்கள். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். தரையில் வைத்த டாப்பில் சீல் அதன் முழு எடைக்கும் அடியில் நசுங்கிக் கிடக்கும், தொங்கும் டாப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஹாய்ஸ்டுக்கு ஆகும் செலவில் பாதி இதற்காகவே தகும்.

திரும்ப மாட்டும்போது

டாப்பை இறக்குவதற்குத் தரையில் டயர் நிறுத்தக் கட்டையும், நடுக்கோடாக ஒரு டேப்பும் ஒட்டி வைத்தால் வண்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் தொங்கும் டாப்பைத் தள்ளி நகர்த்தத் தோன்றும், அது ஊசலாடிக் கதவுச் சட்டத்தில் இடிக்கும். இறக்கும் முன்பு பாடி விளிம்பைத் துடைத்து, மின் இணைப்புக் கம்பி உள்பக்கமாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். டாப்புக்கும் பாடிக்கும் நடுவே நசுங்கிய கம்பியால் பின் வைப்பர் இயங்காமல் போகும், காரணம் தேடி நாள் கழியும். முன்கதவுத் தூண் பக்கத்துச் சீல் மூலை உள்ளே மடிந்திருந்தால் மழைத்தண்ணீர் நேராக ஓட்டுநர் தோளில் விழும்.

எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் சில சுற்று பிடிக்க வைத்த பிறகே எதையாவது இறுக்கத் தொடங்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டால் எதிர்ப்பக்கத் துளைகள் நேருக்கு வராது, மரை கோணலாக ஏறும். கழற்றி எண்ணி வைத்த டப்பா காலியாகிவிட்டதா பாருங்கள். பின் வைப்பரையும் வாஷரையும் சூடாக்கியையும் ஒருமுறை இயக்கிச் சோதித்துவிட்டு, சில நாள் ஓட்டி சீல் படிந்த பிறகு போல்ட்டுகளை இன்னொரு தடவை கை ராட்செட்டால் தொட்டுப் பாருங்கள்.