கைப்பேசியிலா, களத்திலா? தோட்டத்தில் பயிற்சி வைப்பவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் பயிற்சி கொடுப்பது என் வேலை. "எல்லாத்தையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுடலாமேக்கா" என்று புதிதாக வரும் மேற்பார்வையாளர்கள் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், எதைப் போடுவது என்று தெரிந்தால்.

செலவுக் கணக்கை அப்புறம் பாருங்கள். வேலையில் தவறு நடந்தால் யார் தலையில் விழும் என்று முதலில் யோசியுங்கள். குலை வெட்டும்போது மட்டை நிஜமாகவே தலையில்தான் விழும். நீளக் கழியை எங்கே நின்று இழுப்பது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை மரத்தடியில், பழைய கையாள் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். மருந்து கலப்பதும் அப்படித்தான்.

பழுத்த குலையை அடையாளம் காட்டவும் நேரடிப் பயிற்சியே நல்லது. கீறல் விழுந்த திரையில் காயும் பழமும் ஒரே நிறமாகத் தெரியும். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) மூன்று குலைகளைக் கொண்டுவந்து போடுங்கள்: காய், அரைப்பழம், பழம். பழம் உதிர்ந்த குழிகளை அவர்களே விரல் வைத்து எண்ணட்டும். ஆலையில் தரம் பிரிக்கும்போது, பழுத்த குலை என்றால் குறைந்தது 10 குழி இருக்க வேண்டும். இப்படி எண்ணிப் பழகியவர்களுக்கு, அடுத்த வாரம் அதே குலைகளின் படத்தை அனுப்பி "இது எது?" என்று கேட்டால் கைப்பேசியும் உதவும்.

விடுப்பு மனு, சம்பளச் சீட்டு படிப்பது, பம்பு மூக்கைக் கழுவுவது, பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 முதல் தடை என்பது போன்ற அறிவிப்புகள் எல்லாம் கைப்பேசிக்குச் சரி. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுத்தைக் குறைத்துக் குரலில் சொல்லுங்கள். வங்காளதேசத் தம்பிகளுக்கு அவர்கள் மொழியிலேயே, அவர்களில் ஒருவரை வைத்துப் பதிவு செய்யுங்கள். பள்ளத்துப் பக்கம் கைப்பேசி லைன் கிடைக்காது, ஆபீஸ் வைஃபையில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

'பார்த்துவிட்டேன்' என்று கட்டைவிரல் படம் வந்தால் பயிற்சி முடிந்ததாக எழுதிவிடாதீர்கள். 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை. ஆள் செய்துகாட்டியதை மண்டோர் (கங்காணி) நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். செலவை எச்ஆர்டி கோர்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) நிதியிலிருந்து எடுப்பதாக இருந்தால், பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.