குரங்குக் கூட்டத்துக்குப் பெரட்டு எடுப்பது எப்படி?

சிலாங்கூரில் உள்ள எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் குரங்கைத் திட்டாத சாப்பாட்டுக் கடை கிடையாது. "முன்னைக்கு இப்போ ரொம்பப் பெருகிப்போச்சு" என்பார்கள். எவ்வளவு என்று கேட்டால் கையை விரிப்பார்கள். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தவன் நான். காலையில் ஆட்களை எண்ணிப் பேர் பதிவதைத்தான் பெரட்டு என்போம். கணக்கில்லாத புகார் எனக்கு ஆகாது. எப்படிக் கணக்கெடுப்பது என்று சொல்கிறேன். நான் சொல்வது நீண்ட வால் உள்ள 'கெரா'வுக்கு மட்டும்.

செம்பனைக்குள் (எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள்) நுழைந்து எண்ண முடியாது, மட்டை மறைத்துவிடும். விடிந்ததும் தூங்கிய மரத்தைவிட்டு இறங்கி, கால்வாயையோ செம்மண் சாலையையோ கடக்கும் பாருங்கள், அப்போது எண்ணுங்கள். பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கடக்கும். எதிர்ப்பக்கம் தள்ளி நில்லுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம், கண்ணுக்குக் கண் முறைக்கவும் வேண்டாம். முழுக்கை சட்டை போடுங்கள். குரங்கு மலேரியா கொசு வழியாக மனிதருக்கும் வரும். ஒரே கூட்டத்தைச் சில காலைகள் எண்ணி, அதிகமாக வந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: கடுவன் (ஆண்), மந்தி (பெண்), இளசு, கருப்புக் குட்டி, பழுப்புக் குட்டி. கடுவன் உடம்பு பெரிது. கொட்டாவி விடும்போது கோரைப்பல் நீளமாகத் தெரியும். மந்தியிடம் மார்புக் காம்பைப் பாருங்கள். நீண்டு தொங்கினால் ஒரு முறையாவது ஈன்றவள், சிறுத்திருந்தால் இன்னும் ஈனாதவள். வயிற்றுக்கடியில் தொங்கும் குட்டியின் ரோமம் கருப்பாக இருந்தால் பிறந்து சில மாதம்தான். மூன்று மாத வாக்கில் நிறம் மாறத் தொடங்கும். (கோலா சிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தி குன்றில் லோத்தோங் என்ற இலைக்குரங்கின் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். அது வேறு இனம், அதை இதில் சேர்க்காதீர்கள்.)

இந்தக் கருப்புக் குட்டிதான் முக்கியமான பத்தி. சினைக்காலம் ஏறக்குறைய ஐந்தரை மாதம். அதனால் இன்று தெரியும் கருப்புக் குட்டிகளிலிருந்து ஆறு முதல் எட்டு மாதம் பின்னால் போங்கள். அந்தச் சமயத்தில் என்ன தின்னக் கிடைத்தது? பழ சீசனா, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய சோறா? இந்த இனம் வருடம் முழுக்க ஈனும். ஆனால் தீனி பெருகினால் ஈற்றும் நெருங்கும்.

அப்புறம் வகுத்துப் பாருங்கள். ஈன்ற மந்தி பத்து, ஒரு வயதுக்குட்பட்ட குட்டி (கருப்பும் பழுப்பும் சேர்த்து) ஐந்து என்றால், சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு பேறு. காட்டில் இது சாதாரணம். பத்துக்கு எட்டு ஒன்பது என்றால் வருடா வருடம் ஈனுகிறது. குப்பைத் தொட்டியைப் போய்ப் பாருங்கள். குட்டி செத்த தாய் சீக்கிரமே மறுபடி சினையாவாள், அதையும் மனதில் வையுங்கள்.

கடுவன் பத்தி ஏறி இறங்கும், பதற வேண்டாம். மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தாயின் அந்தஸ்தோடு தங்கிவிடும். ஆண் பருவம் வந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேடும். கடை வாசலில் தனியாகத் திரியும் கடுவன் அப்படிப்பட்ட ஆளாக இருக்கலாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதையெல்லாம் இணைசேர்வதாக எழுதாதீர்கள். அதிகாரம் காட்டவும் ஏறும். மந்தி பல கடுவன்களோடு சேர்வாள். குட்டி யாருடையது என்று தெரியாவிட்டால் அதைக் கொல்ல எந்தக் கடுவனும் தயங்கும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். இந்தோனீசியாவின் தஞ்சோங் பூத்திங் குரங்குகளைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு இன்னொன்று சொல்கிறது: கடுவன் மந்திக்குப் பேன் பார்த்தபின் காரியம் நடப்பது அதிகமாம். அருகில் மந்திகள் குறைவாக இருந்தால் அதிக நேரம் பார்க்க வேண்டுமாம். நம்ம ஊர் பசார் விலை மாதிரிதான்.

இதனால்தான் பெரிய கடுவனைப் பிடித்துக்கொண்டு போனால் தொல்லை தீரும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மிஞ்சிய ஒரு கடுவனே எல்லா மந்திக்கும் போதும். அது இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒன்று வரும். குட்டி எண்ணிக்கை மந்தியின் தீனியில் இருக்கிறது. குட்டைவால் பெரோக்கை விரட்டுவதற்கு முன்னால் இன்னும் யோசியுங்கள்: பேராக், செகாரியில் ஒரு பெரோக் கூட்டம் செம்பனைக்காட்டில் வருடத்துக்குச் சுமார் 3,000 எலி தின்னும் என்று 2019இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டபின் பெரட்டை நிறுத்தாதீர்கள். பலன் கருப்புக் குட்டிப் பத்தியில் தெரிய ஆறு மாதமாவது ஆகும். பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்கு இலாகாவுக்கு) போன் செய்வதென்றால் அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுங்கள்.